பொலெண்டாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

வெனிஸ் நகரைச் சூழ்ந்த காயலில் கிடைக்கும் மிகச் சிறிய சாம்பல்நிற இறாலுக்கு அவ்வூர் வழக்கில் ‘ஸ்கியே’ என்று பெயர். அதை வேகவைத்துத் தோலுரித்து, ஆலிவ் எண்ணெயும் பூண்டும் பார்ஸ்லி இலையும் சேர்த்து, ஆவி பறக்கும் வெண்ணிறமான ஒன்றின் மேல் பரப்பிக் கொடுப்பார்கள். அந்த வெண்ணிறமான ஒன்றுதான், மக்காச்சோளக் குருணையைக் கொதிநீரில் கிண்டிச் செய்யும் பொலெண்டா. இதைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘சோளமாவுக் கஞ்சி’ என்றும் ‘மக்காச்சோள உப்புமா’ என்றும் பலவாறாகப் பெயர்த்திருப்பதைக் கண்டிருக்கிறேன். இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்பது என் கருத்து. அச்சொல் இரண்டாயிரம் ஆண்டுகளில் எந்தெந்தத் தானியங்களைக் கடந்து வந்தது என்பதைப் பார்த்தால், பொருத்தமான தமிழ்ச்சொல் எது என்பது தெளிவாகும்.

முதலில் எழுத்துமுறை. இத்தாலியர் இதன் கடைசி அசையைப் பல்லில் நா பட, ‘த’கரத்தின் வல்லோசையோடு சொல்கிறார்கள். தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் இயல்பாகவே மென்மையாக ஒலிக்கும் ஆதலால், ‘பொலெந்தா’ என்று எழுதினால் ‘பந்து’ என்பதில் வரும் தகர ஓசைதான் கிடைக்குமே தவிர இத்தாலிய ஓசை கிடைக்காது. ஆங்கிலத்தின் வழியாக வந்து நிலைத்துவிட்ட ‘பொலெண்டா’ என்ற வடிவத்தையே வைத்துக்கொள்வதில் தவறில்லை.

சொல் இலத்தீன் மொழியினுடையது. அன்றும் அதே வடிவம்தான், பொருள்தான் வேறு. உரோமானியர் காலத்தில் பொலெண்டா என்றால் வறுத்து இடித்த வாற்கோதுமை (பார்லி) மாவு. நுண்மாவைக் குறிக்கும் ‘பொல்லென்’ என்ற சொல்லோடும், கூழைக் குறிக்கும் ‘புல்ஸ்’ என்ற சொல்லோடும் இதனை உறவுபடுத்துவர். பூவின் மகரந்தத்துக்குப் பிற்காலத் தாவரவியலார் எடுத்தாண்டதும் அந்தப் ‘பொல்லென்’ என்ற சொல்லைத்தான். 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம எழுத்தாளர் மூத்த பிளினி, கிரேக்கர் வாற்கோதுமையை நீரில் நனைத்து, ஓர் இரவு உலரவிட்டு, மறுநாள் வறுத்து அரைப்பதை விளக்கிவிட்டு, இத்தாலியில் நனைக்காமலே வறுத்து அரைக்கும் முறையையும் சொல்கிறார்: 20 ராத்தல் வாற்கோதுமைக்கு 3 ராத்தல் ஆளிவிதை, அரை ராத்தல் கொத்துமல்லி விதை, அளவாக உப்பு. உரோமானியர் நெடுங்காலம் ரொட்டியை அல்ல, கூழையே உண்டு வாழ்ந்தனர் என்று கூறுபவரும் அவரே.

வாற்கோதுமையோடு அந்தச் சொல் நின்றுவிடவில்லை. வட இத்தாலியின் உழவர்கள் நடுக்காலத்திலும் அதையடுத்தும் கிடைத்த தானியத்தையெல்லாம் மாவாக்கிக் கொதிநீரில் கிண்டி அதற்குப் பொலெண்டா என்றே பெயரிட்டனர். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அது ஆங்கிலத்தில் ‘பக்வீட்’ எனப்படும் கருநிற மரக்கோதுமை. போ ஆற்றுச் சமவெளியில் பனிவரகும் ‘பனீக்கோ’வும். இந்தப் பனீக்கோ வேறொன்றுமில்லை, நம் தினைதான். 1753இல் லின்னேயஸ் தினைக்குத் தாவரவியல் பெயர் சூட்டியபோது ‘பானிக்கம் இத்தாலிக்கம்’ என்றே எழுதினார். பேரினப் பெயர் பின்னர் ‘செட்டாரியா’ என்று மாறியதே ஒழிய, ‘இத்தாலி’ என்ற அடைமொழி இன்றுவரை தினையைவிட்டு நீங்கவில்லை. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனமும் தேன் கலந்த தினைமாவும் நினைவில் ஊறிய நமக்கு, வெனிஸ் நாட்டு ஏழை உழவனும் மக்காச்சோளம் வருமுன் தினைமாவைக் கிண்டித்தான் பசியாறினான் என்பது, பொலெண்டாவை அயலான பண்டமாக எண்ணிக்கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றிவிடுகிறது.

மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து கொலம்பசின் பயணங்களுக்குப் பின் ஐரோப்பாவுக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெனிஸ் ஆட்சிக்குட்பட்ட வயல்களில் வேர்கொண்டது. எங்கிருந்தோ வந்த தானியத்துக்கு இத்தாலியர் இட்ட பெயர் ‘கிரான்துர்க்கோ’, அதாவது துருக்கித் தானியம். நாமோ அதற்கு ‘மக்காச்சோளம்’ என்று பெயரிட்டோம். அதிலுள்ள ‘மக்கா’ இந்தி முதலிய வடஇந்திய மொழிகளில் வழங்கும் ‘மக்கா’ என்ற தானியப் பெயரே என்பதும், அது மெக்கா நகரின் வழியாக வந்ததாகக் கருதியதால் எழுந்தது என்பதும் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மெக்சிகோவில் பிறந்த பயிர் ஒரு கரையில் துருக்கியாகவும் மறுகரையில் மக்காவாகவும் பெயர் பெற்றது வியப்புக்குரியது. இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் ‘சோளம்’ என்று மட்டும் சொன்னால் அது வெண்சோளம், செஞ்சோளம் முதலிய பழைய சோளத்தையே குறிக்கும். இலங்கையிலோ ‘சோளம்’ என்றாலே மக்காச்சோளம்தான். பழைய சோளத்துக்கு அங்கே ‘இறுங்கு’ என்று தனிப்பெயர் உண்டு. ஆகவே இரு கரையினரும் படிக்கும் எழுத்தில் ‘மக்காச்சோளம்’ என்று முழுதாக எழுதுவதே குழப்பம் தராது.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘சோளமாவு’ என்ற சொல்லில் இருக்கிறது. கடையில் ‘கார்ன்ஃப்ளோர்’ என்ற பெயரில் விற்கும் வெண்பொடி மக்காச்சோளத்தின் மாச்சத்து மட்டுமே. குழம்பைத் தடிப்பாக்கவும் பஜ்ஜி மாவில் கலக்கவும் அது பயன்படும். அதைக் கொதிநீரில் கிண்டினால் பசைதான் கிடைக்கும். பொலெண்டாவுக்கு வேண்டியது முழு மணியை உடைத்துச் சலித்த, ரவையின் பருமனுள்ள பொருள். அதற்கு ‘மக்காச்சோளக் குருணை’ அல்லது ‘மக்காச்சோள ரவை’ என்ற சொல்லே சரி. சமையற்குறிப்பில் இந்த ஒரு சொல்லைத் தவறாக எழுதினால் படிப்பவரின் ஒரு வேளை உணவு வீணாகிவிடும்.

பொலெண்டாவின் வரலாற்றில் துயரமான பகுதி ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில் வட இத்தாலிய உழவர்கள் ஏறக்குறைய மூன்று வேளையும் பொலெண்டாவையே உண்ணும் நிலைக்குத் தள்ளப்பட்டபோது, வெயில் படும் இடமெல்லாம் தோல் வெடித்து, வயிறு கெட்டு, அறிவும் கலங்கும் நோய் பரவியது. 1771இல் மிலானைச் சேர்ந்த மருத்துவர் ஃபிராப்போல்லி அதற்கு ‘பெல்லாக்ரா’ என்று, மக்கள் வழக்கிலிருந்த சொல்லையே ஏட்டில் ஏற்றினார். ‘பெல்லே’ தோல், ‘அக்ரா’ கரடுமுரடானது. மக்காச்சோளத்திலுள்ள நயாசின் என்ற வைட்டமின் உடலில் சேராத வடிவில் கட்டுண்டு கிடப்பதும், அதனை ஈடுசெய்யக்கூடிய புரதக்கூறு அதில் குறைவாக இருப்பதும் காரணம். மெக்சிகோவின் தொல்குடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இக்குறையைப் போக்கியிருந்தனர்; விதை கடல் கடந்தது, அந்தப் பக்குவம் கடக்கவில்லை. தக்காணத்தில் மக்காச்சோளமல்லாத பழைய சோளத்தையே நம்பி வாழ்ந்த எளிய மக்களிடமும் இதே நோய் காணப்பட்டதையும், அதன் காரணத்தையும், சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் ஐதராபாத்தில் 1960களில் ஆராய்ந்தார். மீனும் மட்டியும் சிறிதளவு சேர்ந்திருந்தாலே இந்நோய் அணுகியிருக்காது. ஆனால் அன்றைய உழவர் வீட்டில், உப்பிட்ட மீன் ஒன்றை விட்டத்திலிருந்து நூலில் கட்டித் தொங்கவிட்டு, வீட்டார் ஒவ்வொருவரும் தம் பங்குப் பொலெண்டாத் துண்டை அதில் ஒரு முறை தேய்த்து உண்டதாக வெனிஸைச் சூழ்ந்த வெனெட்டோ பகுதியில் இன்றும் சொல்கிறார்கள்.

காயலோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வறுமையில்லை. மலைப்பகுதியில் மஞ்சள் மக்காச்சோளம்; கடலோரத்தில் ‘பியாங்கோபெர்லா’ எனப்படும் முத்துவெள்ளை மக்காச்சோளம். இறைச்சியோடு மஞ்சள், கடலுணவோடு வெள்ளை என்பது அங்கே வழக்கு. வெள்ளைக் குருணையின் சுவை மென்மையானது என்பதால் இறாலின் இனிப்பையும் மட்டியின் உப்பையும் அது மறைப்பதில்லை. கணவாயை அதன் மையோடு சமைத்தாலும், கோடையில் மத்தியைப் பொரித்து வதக்கிய வெங்காயத்திலும் காடியிலும் ஊறவைத்தாலும் பக்கத்தில் வெண்பொலெண்டா இருக்கும். வெனிஸ் ஓவியர் பியேத்ரோ லோங்கி 1740ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய ஓவியம் ஒன்றில், கொதிக்கும் பொலெண்டாவைப் பாத்திரத்திலிருந்து வெள்ளைத்துணி விரித்த மேசைமீது கவிழ்க்கிறார்கள். சுற்றியிருப்போரின் கண் அதன் மேல்தான் இருக்கிறது.

மட்டிக்கு இத்தாலியர் வழங்கும் ‘வொங்கொலா’ என்ற சொல் நேப்பிள்ஸ் வட்டாரத்தது. இலத்தீனில் சிறு சங்கைக் குறித்த ‘கோன்குலா’விலிருந்து வந்தது. அதன் மூலமான ‘கோங்கா’வையும் வடமொழிச் ‘சங்க’த்தையும், அதிலிருந்து வந்த நம் ‘சங்கு’ என்ற சொல்லையும் ஒரே குடும்பமாக ஒப்பியல் மொழியறிஞர் நெடுங்காலமாகக் காட்டிவருகின்றனர். ஆனால் இதனால் வொங்கொலாவைச் சங்கு என்று பெயர்க்கக் கூடாது. சங்கு சுரிந்த ஒற்றை ஓடுடையது. இதுவோ இரட்டை ஓடுடையது. ‘சிப்பி’ என்ற சொல் முத்துச்சிப்பி முதலாகப் பலவற்றையும் தழுவும் பொதுச்சொல். பழவேற்காட்டுக் காயலிலும் யாழ்ப்பாணக் கரையிலும் சேற்று மணலைத் துழாவி எடுக்கும் மக்கள் வழங்கும் ‘மட்டி’தான் சரியான சொல். அறிவற்றவனை மட்டி என்று ஏசுவதாலும், குமரி மாவட்டத்தில் மட்டி என்பது வாழைப்பழத்தின் பெயர் என்பதாலும் தயங்க வேண்டியதில்லை. சொல்லும் இடமே பொருளைக் காட்டிவிடும். ஒரு செய்தி: இன்று வெனிஸ் காயலில் மிகுதியாக எடுக்கப்படும் மட்டி அவ்வூரதன்று, ஆசியக் கடல்களைச் சேர்ந்த அந்த இனம் 1983இல்தான் அங்கே விடப்பட்டது.

இனிப் பொலெண்டாவுக்கு வருவோம். கஞ்சி என்பது மணி வெந்து நீரோடு கலந்து நிற்பது, குடிக்கப்படுவது. பொலெண்டாவைக் குடிக்க இயலாது. உப்புமாவில் ரவை தாளிதத்தில் வறுபட்டு உதிரியாக நிற்க வேண்டும். பொலெண்டாவில் குருணை தன் வடிவம் கரையும்வரை வேக வேண்டும். இரண்டும் விலகின.

கூழைப் பற்றிச் சற்று நின்று எண்ண வேண்டும். ‘சிறுகை அளாவிய கூழ்’ என்று குறள் சொல்லும்போதும் ‘படைகுடி கூழ்’ என்று சொல்லும்போதும் அச்சொல் உணவு, பொருள் என்று விரிந்து நிற்கிறது. மாவும் கடலுணவும் ஒன்றாகச் சேரும் யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ் நம்மிடமே இருக்கிறது: மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் கொதிக்கும் உலையில் ஒடியல் எனப்படும் காய்ந்த பனங்கிழங்கின் மாவைக் கரைத்து ஊற்றி, புளியும் மிளகாயும் சேர்த்து, பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிப்பது. கடலுணவோடு மாவைச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் கூழில் மாவு சாற்றுக்குத் தடிப்பு ஊட்டுகிறது. பொலெண்டாவில் மாவே உணவு, கடலுணவு அதன் மேல் வரும் துணை. ஆதலால் கூழும் முழுதாகப் பொருந்தவில்லை.

எஞ்சுவது களி. கொதிநீரில் மாவைத் தூவி, கட்டிபடாமல் கிண்டி, கெட்டியாக்கி எடுப்பது என்ற செயலையே அச்சொல் சுட்டுகிறது, தானியத்தைச் சுட்டவில்லை. கேழ்வரகுக் களி, உளுந்தங்களி, வெந்தயக் களி, அரிசியில் செய்யும் திருவாதிரைக் களி என்று தானியம் மாறிக்கொண்டே இருக்கும், களி மாறாது. வாற்கோதுமையும் தினையும் மரக்கோதுமையும் மக்காச்சோளமும் மாறி மாறி வந்தபோதும் பொலெண்டா என்ற பெயர் மாறாமல் நின்றதும் இதே காரணத்தால்தான். இரு சொற்களின் வாழ்க்கையும் ஒன்றுபோல இருக்கிறது. ஏளனத்திலும்கூட அவை ஒன்றாகவே நிற்கின்றன: தென் இத்தாலியர் வடக்கத்தியரைப் ‘பொலெண்டோனே’, பெருங்களி தின்னி, என்று இகழ்வார்கள், நம் ஊரில் சிறைக்குப் போவதைக் ‘களி தின்னப் போகிறான்’ என்பார்கள். ஏழையின் உணவைப் பழிச்சொல்லாக்கும் இவ்வழக்கு எனக்கு வருத்தம் தருவது. அதற்காகவேனும் களி என்ற சொல்லை விருந்து மேசையில் தயங்காமல் வழங்க வேண்டும்.

தனித்துச் சொன்னால் ‘களி’ போதும். எந்தத் தானியம் என்று காட்ட வேண்டிய இடத்தில் ‘மக்காச்சோளக் களி’. பொலெண்டாவில் நெகிழ்ந்தது, இறுகியது என்ற இரு பதம் உண்டு. பாகுக்கு இளம்பாகு என்று சொல்வது போல நெகிழ்ந்ததை ‘இளங்களி’ என்றும், இறுகியதைக் ‘கெட்டிக்களி’ என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 200 கிராம் குருணை இட்டால் இளங்களி. 300 கிராம் இட்டால் கெட்டிக்களி. இத்தாலியர் குருணையை ‘மழைபோல்’ இட வேண்டும் என்பார்கள். நாம் தூவ வேண்டும் என்போம். செப்புப் பானையில் நீண்ட மரக்கோலால் முக்கால் மணி நேரம் கிண்டும்போது அடியில் பிடிக்கும் பொருக்கைச் சுரண்டித் தின்னச் சிறுவர்கள் காத்திருப்பது அங்கும் உண்டு. கெட்டிக்களியை மரப்பலகையில் கவிழ்த்து, கத்தி படாமல், இரு கையிலும் பிடித்த பருத்தி நூலால் அறுப்பார்கள். அது வெந்துவிட்டதா என்று அறிய, நம் வீடுகளில் கேழ்வரகுக் களிக்குச் செய்வது போல, விரலை நீரில் நனைத்துத் தொட்டுப் பார்க்கலாம், ஒட்டாவிட்டால் பதம்.

கோடைக்கு உகந்தது இளங்களிதான். மட்டியைக் கடல்நீர் அளவுக்கு உப்பிட்ட நீரில் சில மணி நேரம் போட்டு வைத்தால் மணலைக் கக்கிவிடும். திறந்த ஓட்டைத் தட்டியும் மூடாத மட்டியை எறிந்துவிட வேண்டும். அகன்ற சட்டியில் எண்ணெயும் நசுக்கிய பூண்டும் சூடானதும் மட்டியைக் கொட்டி மூடினால், மூன்று நான்கு நிமிடங்களில் ஓடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் ஓசை கேட்கும். அடியில் ஊறிய சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டி, அதில் பச்சை மக்காச்சோளக் கதிரிலிருந்து சீவிய மணிகளை ஒரு கொதி விட்டு, மட்டியோடு சேர்த்து, தட்டில் பரப்பிய வெண்ணிற இளங்களியின் நடுவில் குழிசெய்து ஊற்றிச் சூடு ஆறுமுன் பரிமாற வேண்டும். உப்பு தனியாக வேண்டியதில்லை, மட்டிச்சாற்றில் இருப்பதே போதும்.