பரீஸ் இஸ்குகரிஸ்: சொல்லும் சோறும்

நைரோபியின் ஈஸ்ட்லியோ மினியாபொலிஸின் சீடார் ரிவர்சைடோ, சோமாலியர் குடும்பமாக நடத்தும் சின்ன உணவகத்துக்கு மதியம் போனால் முதலில் காதில் விழும் பெயர் பரீஸ் இஸ்குகரிஸ் (bariis iskukaris) என்னும் சோற்று உணவு. இதைத் தமிழில் 'பாரிஸ்' என்று எழுதுவது பிழை. சோமாலி மொழிக்கு 1972இல் லத்தீன் எழுத்து அதிகாரபூர்வமானது. அந்த எழுத்துமுறையில் நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டித்து எழுதுவார்கள். இந்தச் சொல்லில் இரட்டிப்பது 'ஐ' (i). ஆகவே 'ப' குறில், 'ரீ' நெடில்.

பரீஸ் என்றால் அரிசி. வெந்த சோற்றுக்கும் அதே பெயர்தான். இஸ் என்பது 'ஒன்றையொன்று', கு என்பது 'இல்' அல்லது 'ஓடு', கரிஸ் என்பது சமைத்தல். ஒன்றோடொன்று சேர்த்து ஆக்கிய சோறு என்பது பொருள். தனியே வெந்த வெள்ளைச் சோற்றைப் பரீஸ் அத் என்பார்கள். 'அத்' என்றால் வெள்ளை. அதற்குக் குழம்பு தனியாக வரும். இஸ்குகரிஸுக்குத் தனிக் குழம்பு தேவையில்லை.

சேர்வது எது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பல உணவகங்களில் ஆட்டுக்கறியை வேகவைத்து எடுத்து, அடுப்பில் வாட்டி, சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள். அப்போதும் அது இஸ்குகரிஸ்தான், ஏனென்றால் சோற்றோடு சேர்ந்து வெந்தது கறி வெந்த சாறு. வீட்டில் செய்ய, எலும்போடு முக்கால் கிலோ ஆட்டுக்கறியை வெங்காயம், ஏலக்காய், உப்பு போட்டு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிட்டுச் சாற்றை வடித்துக்கொள்ளுங்கள். 2 கப் பாஸ்மதியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, வெங்காயம் பொன்னிறமானதும் பூண்டு, ஒரு தக்காளி, ஒரு மேசைக்கரண்டி ஹவாஷ் என்னும் சோமாலி மசாலாப் பொடி சேர்த்து வதக்கி, 3 கப் சாறு ஊற்றிக் கொதித்ததும் அரிசியைப் போடுங்கள். சாறு அரிசி மட்டத்துக்கு வற்றியதும் தீயை முழுக்கக் குறைத்து மூடி 15 நிமிடம், இறக்கி வைத்து 10 நிமிடம்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். அரிசி வேகும்போது கிளறினால் பருக்கை உடைந்து மாவு கசியும், சோறு குழையும். சாற்றில் ஏற்கெனவே உப்பு இருப்பதை மறந்து மறுபடி போட்டால் மீட்கவே முடியாது. அரிசி போடும் முன் சாறு சற்றே உப்புக் கரித்தால் அதுதான் சரியான அளவு. உலர்திராட்சையைத் தனியே எண்ணெயில் பொரித்துக் கடைசியில் தூவுங்கள். உள்ளே வேகவிட்டால் ஊதி, சுற்றியுள்ள சோற்றையும் இனிப்பாக்கிவிடும்.

தமிழில் என்ன சொல்வது? 'பிரியாணி' பொருந்தாது. அது 'வறுத்தது, பொரித்தது' என்னும் பொருளுள்ள பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. அளந்து ஊற்றிய கறிச்சாற்றிலேயே அரிசியை வேகவிடும் நம் சீரகச்சம்பா பிரியாணி செய்முறையில் இதற்கு நெருக்கம் என்பது உண்மை. ஆனால் இஸ்குகரிஸில் தயிரும் புதினாவும் இல்லை, சோற்றில் மிளகாய்க் காரமும் இல்லை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் கூட்டாஞ்சோறு அச்சாகப் பொருந்தும். ஆனால் திருநெல்வேலிக்காரர் மனத்தில் அது பருப்பும் காய்கறியும் சேர்ந்த சோறு, கறியை எதிர்பார்க்கமாட்டார். எங்கள் தேர்வு ஊன்சோறு. பாரியின் பறம்பைப் பிரியும்போது கபிலர் பாடிய புறநானூற்றின் 113ஆம் பாட்டில் 'கொழுந்துவை ஊன்சோறும்' என்று வருகிற பழைய சொல் அது. முதல் முறை 'பரீஸ் இஸ்குகரிஸ் என்னும் ஊன்சோறு' என்று எழுதிவிட்டு, பிறகு சோமாலிப் பெயரையே ஆளலாம்.

உணவுப் பட்டியலைப் படிக்கும்போது இன்னும் சில இடங்களில் கவனம் வேண்டும். சோமாலியில் 'எக்ஸ்' (x) எழுத்து தொண்டையின் அடியிலிருந்து வரும் 'ஹ'. மசாலாப் பொடியின் பெயர் ஹவாஷ், 'க்ஸவாஷ்' அல்ல. சீரகம், கொத்தமல்லி, மிளகு, ஏலக்காய், பட்டை, கிராம்பு, மஞ்சள் எல்லாம் அதில் உண்டு. 'சி' (c) எழுத்து 'க' அல்ல, தொண்டையை இறுக்கி எழுப்பும் அரபியின் 'அய்ன்' ஒலி. ஆப்பத்தைப் போல ஒரு பக்கம் மட்டும் வெந்து கண்கண்ணாக இருக்கும் புளித்த மாவு அடையை அன்ஜேரோ என்று கேளுங்கள், 'கன்ஜீரோ' என்றல்ல. 'ஹிலிப் அரி' என்றிருந்தால் ஹிலிப் இறைச்சி, அரி ஆடு. அரிசியோடு அதற்குத் தொடர்பில்லை.

தட்டோடு பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை அரைத்த பஸ்பாஸ் வரும். காரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது, துளித்துளியாகத் தொட்டுக்கொள்ளுங்கள். கூடவே உரிக்காத வாழைப்பழம் ஒன்று வரும். சாப்பாடு முடிந்தபின் தின்பதற்கு என்று அதை ஒதுக்கி வைக்காதீர்கள். உரித்து, ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு கடி என்று சேர்த்துச் சாப்பிட வேண்டும்.