மூட்டை தூக்குவது உடற்பயிற்சி ஆகுமா?

நாள் முழுக்க உடலை வருத்தி உழைப்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1953இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மாரிஸ் வெளியிட்ட ஆய்வும் அந்தப் பக்கமே சாய்ந்தது: லண்டனின் மாடிப் பஸ்களில் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. (பிறகு சீருடை அளவுகளைப் பார்த்தபோது, இளம் வயதிலேயே ஓட்டுநர்களுக்கு நடத்துநர்களைவிட இடுப்பு பெருத்திருந்தது தெரிந்தது. வேலைதான் காரணமா, முன்பே இருந்த உடல்வாகா என்ற சந்தேகம் அன்றே முளைத்துவிட்டது.)

படியேறுவது வேறு, பாரம் சுமப்பது வேறு. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரை, கடும் உடலுழைப்பு செய்யும் ஆண்களுக்கு அகால மரண ஆபத்து 18 சதவீதம் கூடுதல் என்றது. பெண்களிடம் அந்த உயர்வு தென்படவில்லை.

ஏன் இப்படி? அரை மணி நேரம் ஓடினால் இதயத் துடிப்பு எகிறும், நின்றதும் இறங்கும். அந்த ஓய்வில்தான் உடல் தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. எட்டு மணி நேரச் சுமைவேலையில் துடிப்பு அவ்வளவு எகிறுவதில்லை, ஆனால் இறங்குவதும் இல்லை. இதயத்துக்குப் பயிற்சி தரும் அளவுக்கு அது கடுமையும் இல்லை, ஓய்வு தரும் அளவுக்கு இலகுவும் இல்லை. போதாக்குறைக்கு, பாரத்தை அசையாமல் பிடித்திருக்கும்போது இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்குவது தமனிச் சுவர்கள்.

இதில் சர்ச்சையும் இருக்கிறது. கடும் உழைப்பாளிகளிடம் வறுமையும் புகைப்பழக்கமும் அதிகம். பழி எதன் மேல் விழ வேண்டும்? 2021இல் வந்த நார்வே ஆய்வு இவற்றையும் கணக்கில் எடுத்தபோது, உடலுழைப்பு செய்த ஆண்கள் நீண்ட நாள் வாழ்ந்ததாகவே கண்டது. ஆகவே அந்த 18 சதவீதத்தை நான் கல்வெட்டாகக் கொள்ளமாட்டேன்.

எனக்கு உறுதியாகப் படுவது வயதுக் கணக்கு. எட்டு மணி நேர வேலையில் ஒருவரின் உச்ச ஆக்சிஜன் திறனில் (உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவில்) சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவாகக் கூடாது என்பது பணியியல் வல்லுநர்கள் வைத்திருக்கும் எல்லை. ஒரு வேலைக்கு 12 அலகு ஆக்சிஜன் தேவை என்று வைத்துக்கொள்வோம். 25 வயதில் உச்சத் திறன் 40 என்றால் செலவு 30 சதவீதம். 55 வயதில் திறன் 30ஆகக் குறைந்திருக்கும். அதே மூட்டை, அதே தூரம், இப்போது 40 சதவீதம். எடையைக் குறைத்தோ, இடையிடையே உட்கார விட்டோ அதை மூன்றில் ஒரு பங்குக்குள் கொண்டுவரலாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் 25 வயதுக்காரருக்கும் 55 வயதுக்காரருக்கும் மூட்டைக் கணக்கு ஒன்றுதான்.