அட்டையில் 'இயற்கை' என்று எழுதியிருந்தது

நகை கோக்கும் வகுப்பு ஆரம்பித்த புதிதில், ஒரு மொத்த வியாபாரியிடம் அரைக் கிலோ வெள்ளைத் துண்டுகள் வாங்கினேன். விரல் நுனி அளவு, துளை போட்டு, மெருகேற்றி, பார்க்க அழகாக இருந்தன. பொட்டலத்தோடு வந்த அட்டையில் 'கடல் சிப்பி, இயற்கைப் பொருள்' என்று எழுதியிருந்தது. அதை நம்பி ஒரு கல்யாண வீட்டுக்கு நாற்பது ஜோடி கம்மல் செய்து தருவதாக ஒப்புக்கொண்டும் விட்டேன்.

ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் வகுப்பு நடக்கும் திண்ணையில் பாய் விரித்துக் கொட்டினோம். பேத்தியைக் கூட்டி வந்திருந்த ஒரு பெரியம்மா, பல வருடம் கடல்பாசி எடுக்கக் கடலில் இறங்கியவர், ஒரு துண்டை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெருகு படாத அடிப்பக்கத்தை என்னிடம் காட்டினார். ஊசியால் குத்தியது போல நெருக்கமாகக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் நட்சத்திரம் மாதிரி மெல்லிய தடுப்புகள்.

"இது சிப்பி இல்ல தாயி. பார்க் கல்லு. இதுலதான் மீன் குஞ்சு பொழைக்குது" என்றார்.

பவளப்பாறைக்கு எங்கள் கடற்கரையில் பார் என்று பெயர். அந்தக் குழி ஒவ்வொன்றும் ஒரு பவள உயிரி குடியிருந்த வீடு. சிப்பி அப்படி இருக்காது. உடைத்தால் ஏடு ஏடாகப் பிரியும், உள்பக்கம் வழவழவென்று மினுங்கும். தையல் கடை வைத்து, துணியைத் தொட்டே ரகம் சொல்லும் எனக்கு இது தெரியாமல் போயிற்று. அந்தப் பொட்டலத்தை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கரையில் ஒதுங்கிக் கிடந்ததுதானே என்று எடுத்து விற்பதும் குற்றம்தான். கடல்குதிரை, அழுங்காமை ஓடு, நாட்டிலஸ் என்ற சுருள் ஓட்டு உயிரி, ராட்சதச் சிப்பி இவையும் அப்படியே. ராமேசுவரத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் யாராவது 'கடல் ஞாபகமாக' இவற்றைத் தேடினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகள் உண்டு. 1986ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது அந்தப் பகுதியைத்தான். அதில் இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள். ஒன்று எங்கள் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆண்டுக்கணக்கில் பாரை வெட்டி எடுத்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ள பார் இல்லாவிட்டால் மணல் எப்படி நிற்கும்? தப்பித்த பார்களும் 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய வருடங்களில் வெளுத்துப் போயின. அப்படிப் பாடுபட்டு மிச்சம் இருப்பதைக் காதில் மாட்டிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

சங்கு வேறு விஷயம். கீழக்கரை சங்கு தலைமுறை தலைமுறையாக வங்காளத்துக்கு வளையலுக்குப் போகிறது. மூச்சை அடக்கி முக்குளித்து எடுப்பவர்களின் பிழைப்பு அது. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். குஞ்சுச் சங்கில் செய்த பொருளை வாங்காதீர்கள், அவ்வளவுதான். வளர்ந்து முட்டை இடும் முன்பே எடுத்துவிட்டால் நாளைக்கு முக்குளிப்பவருக்கு என்ன கிடைக்கும்? ஜாதகத்துக்காகப் போடும் சிவப்புப் பவளத்தையும் பலர் நம் கடலில் விளைவது என்று நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் மத்தியதரைக் கடல் சரக்கு. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிக்காது. பாட்டி மோதிரம் இருந்தால் அதையே மாற்றிக் கட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பவளம் வேண்டாம் என்று 'முத்து மாலை' வாங்கப் போனால், விலை மலிந்ததெல்லாம் மேல்பூச்சு போட்ட பிளாஸ்டிக் மணி. உப்புக்காற்றில் பூச்சு உரியும், அப்புறம் குப்பை. மணிதான் வேண்டும் என்றால் கண்ணாடி மணியோ மர மணியோ கேளுங்கள். உலோகத்தில் என் தேர்வு வெள்ளி, செம்பு, பித்தளை. அறுந்த கொலுசைக்கூட உருக்கிப் புதிதாகச் செய்யலாம், புதிதாக ஒரு சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை. மலிவான கலப்பு உலோகக் கம்மலில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும். வியர்வையில் அது கரைந்து காது மடல் புண்ணாகி வரும் பிள்ளைகளை ஒவ்வொரு சித்திரையிலும் பார்க்கிறேன்.

இனி துணி. ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் ஒருநாள் காலையில் நின்று பாருங்கள். பரிகாரம் என்று கட்டியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பருத்தி வேட்டியாக இருந்த காலத்தில் அது மட்கியிருக்கும். இன்று கரையில் சுருண்டு கிடப்பதை எடுத்து அலசினால் முக்கால்வாசி பாலியெஸ்டர் சேலைதான். பெட்ரோலியத்தில் பிறந்த நூல் அது. அழுகாது, இழை இழையாகப் பொடிந்து மீன் வயிற்றுக்குள் போகும். கடலில் விடாமல் வீட்டில் துவைத்தாலும் இழை உதிரத்தான் செய்யும். கடலுக்கு நேரடியாகப் போய்ச் சேரும் நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதால் வருவது என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2017ல் கணக்கிட்டது. நம்பிக்கையோடு துணி விடுகிறவர்களின் மனசை நான் புண்படுத்த மாட்டேன். விடுவதைக் கரையில் ஒரு கூடையில் விடலாமே, அல்லது ஒரு முழம் பருத்தித் துணியாக விடலாமே என்று கேட்கிறேன்.

'காட்டன்' என்று சொல்லித் தருவதெல்லாம் காட்டன் இல்லை. என் கடையில் ஒரு சோதனை செய்வேன். ஓரத்தில் நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீக்குச்சி காட்ட வேண்டும். பருத்தி காகிதம் போல மணத்து எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் விடும். பட்டு, முடி கருகிய வாடை அடிக்கும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கடுகு மாதிரி கெட்டி உருண்டையாக நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் அந்த உருண்டை நெருடும். சேலையின் உள்முந்தியில் நூல் உருவினால் வெளியே தெரியாது.

பருத்தி குறையே இல்லாததா? இல்லை. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தண்ணியில்லாக் காடு என்று பெயர் எடுத்த ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் நான் சொல்வது, குறைவாக எடுங்கள், ரொம்ப நாள் கட்டுங்கள். பரமக்குடி, எமனேசுவரம் தறியில் நெய்த பருத்திச் சேலை துவைக்கத் துவைக்க மிருதுவாகும். கிழிந்த பிறகு தூளி, தலையணை உறை, கடைசியில் கரித்துணி என்று இன்னும் சில வருடம் ஓடும். 'பேம்பூ சில்க்' என்ற பெயரைக் கேட்டும் ஏமாற வேண்டாம். மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து இழுக்கும் விஸ்கோஸ் நூல்தான் பெரும்பாலும் அந்தப் பெயரில் வருகிறது. என் கடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெஷினில் நான் மாட்டும் நூல் இன்றும் பாலியெஸ்டர்தான். பருத்தி நூல் வேகத்துக்கு அறுந்துவிடுகிறது. கைத்தையலுக்கு மட்டும் பருத்தி நூல் வைத்திருக்கிறேன். வெட்டுத்துணி எதையும் எரிப்பதில்லை. பொத்தானாகவும், துணியில் உருட்டிய மணியாகவும், திரித்த சரடாகவும் வகுப்புக்குப் போகிறது.

எங்கள் மாவட்டத்துக்குக் கடவுள் கொடுத்த நகைப்பொருள் பனையில் இருக்கிறது. குருத்தோலையை வெட்டி, காயவைத்து, ஈர்க்கை நீக்கி, கத்தி முனையில் நூல் போல வாரி எடுத்தால் தந்த நிறத்தில் மினுங்கும். மரத்தைக் கொல்ல வேண்டியதில்லை, அளவாக வெட்டினால் அடுத்த குருத்து வரும். சாயம் ஏற்றுவதில்தான் கவனம் வேண்டும். பளிச்சென்ற ரசாயனச் சாயத்தைக் காய்ச்சி, மிச்சத் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டினால் ஓலை நகை என்ன பயன்? மஞ்சள், கடுக்காய், படிகாரம் வைத்தே நாலைந்து நிறம் வருகிறது. இதே மணல் கரையில் முளைக்கும் சாயவேரில் ஒரு காலத்தில் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். அதை நட்டு வளர்த்துப் பார்க்க இப்போது இரண்டு பாத்தி போட்டிருக்கிறோம்.

அந்தக் கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மாவுக்கு முதலில் கோபம்தான். "பத்து நாள்ல கல்யாணத்த வச்சுக்கிட்டு ஓலைக் கம்மலா?" என்றார். பெரியம்மா முடைந்த ஒரு ஜோடியை, சின்ன வெள்ளி வளையத்தில் கோத்து அவர் கையில் கொடுத்தேன். காதில் வைத்துக் கண்ணாடி பார்த்தவர், "கனமே தெரியலையே" என்றார். ஆறு பேர் உட்கார்ந்து நாற்பது ஜோடியையும் முடித்தோம்.

போன மாதம் அந்தப் பெண் கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். குழந்தை இழுத்து ஒரு கம்மல் பிரிந்திருந்தது. வளையத்தைக் கழற்றி எலுமிச்சைச் சாறில் தேய்த்துவிட்டு, புது ஓலை வாரி அதிலேயே முடைந்து கொடுத்தேன். பழைய ஓலையை அன்று மாலை டீ போடும்போது அடுப்பில் சேர்த்துவிட்டேன்.