ப்ளூ டிக்கை அணைத்தாலும் போன் சும்மா இருப்பதில்லை

வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனை இழுத்துவிட்டு அங்கேயே செய்தியைப் படித்தால் அனுப்பியவருக்கு ப்ளூ டிக் விழாது. பலரும் தினமும் செய்கிற வேலைதான். ஏன் விழுவதில்லை?

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் செய்தி சர்வரை எட்டியதும் ஒற்றைச் சாம்பல் டிக். சர்வரால் அதைப் படிக்க முடியாது. பூட்டிய செய்தியை அப்படியே எதிராளியின் போனுக்குத் தள்ளிவிடும். சாவி அந்தப் போனில்தான் இருக்கிறது. செய்தி கைக்கு வந்ததும், பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போடுவதுபோல, போன் தானாகவே ஒரு ரசீதைத் திருப்பி அனுப்புகிறது. அதுதான் இரண்டாவது டிக். நோட்டிஃபிகேஷனில் தெரியும் வரிகளும் போனுக்குள்ளேயே பூட்டுத் திறந்து காட்டப்படுபவைதான். நீல நிறத்துக்கான ரசீது வேறு. சாட் திரையைத் திறக்கும்போது அது கிளம்பும். திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் நீலம்தான். படித்தீர்களா என்பது செயலிக்குத் தெரியவே தெரியாது.

2014 நவம்பரில் ப்ளூ டிக் வந்தபோது கிளம்பிய முணுமுணுப்பில், சில நாட்களிலேயே அதை அணைக்கும் வசதியும் வந்தது. அணைத்தால் மற்றவர்கள் படித்தார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது. நியாயமான பேரம். ஆனால் குரூப்பில் இது செல்லாது. வாய்ஸ் மெசேஜைக் கேட்டதையும் மறைக்க முடியாது.

சரி, இரண்டாவது சாம்பல் டிக்கை அணைக்க முடியுமா? முடியாது. என் பார்வையில் நாம் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். 2024இல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். இல்லாத ஒரு செய்திக்கு யாராவது எமோஜி ரியாக்‌ஷன் அனுப்பினால், உங்கள் போனில் எந்த நோட்டிஃபிகேஷனும் வராது. ஆனாலும் போன் கடமை தவறாமல் 'வந்து சேர்ந்தது' என்று ரசீது அனுப்பிவிடும். அந்த ரசீது திரும்பி வர ஆகும் நேரத்தை அளந்தால், திரை எரிகிறதா, போன் தூங்குகிறதா என்று ஊகிக்கலாம். உங்கள் நம்பர் தெரிந்தால் போதும். அனுப்புபவர் உங்கள் காண்டாக்டில் இருக்க வேண்டியதில்லை. ஓயாமல் இப்படித் தட்டிக்கொண்டே இருந்தால் உங்கள் பேட்டரியும் டேட்டாவும் சத்தமில்லாமல் கரையும். வாட்ஸ்அப் வெப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: இணைத்த ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக ரசீது அனுப்புகிறது. அலுவலகக் கணினி எப்போது உயிர்பெறுகிறது, எப்போது அடங்குகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும்.