ஃபிளேவர் என்றால் சுவைமணம்

'பழச்சுவையூட்டப்பட்ட பழுப்பு ஏல்.' பெல்ஜியத்து பீர் ஒன்றைப் பற்றிய தமிழ்க் கட்டுரையில் இந்தத் தொடரை மறுபடியும் பார்த்தேன். ஏல் என்பது பீரில் ஒரு வகை. பிஸ்கட் உறையிலும் ஐஸ்கிரீம் டப்பாவிலும் இருமல் மருந்துப் புட்டியிலும் பார்த்துச் சலித்த 'சுவையூட்டப்பட்ட' இப்போது பீர் கோப்பைக்குள்ளும் விழுந்துவிட்டது. ஃபிளேவர் என்ற ஆங்கிலச் சொல்லைச் 'சுவை' என்று பெயர்ப்பது தவறு. பீரை மதிப்பிடும் இடத்தில் அந்தத் தவறு வேலையையே கெடுத்துவிடும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊதுதல், வீசுதல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதற்கு மணம் என்றே பொருள். நாக்கு அதில் பங்கு கேட்டது 17ஆம் நூற்றாண்டில்தான். மூக்கிலிருந்து பிறந்த சொல்லை நாம் நாக்குக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

தமிழில் சுவை என்பது எல்லை வகுக்கப்பட்ட சொல். இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு, உவர்ப்பு என்று ஆறாக எண்ணி வைத்திருக்கிறோம். ஐம்புலன்களைச் சொல்லும் குறளும் 'சுவைஒளி ஊறுஓசை நாற்றமென' என்று சுவையையும் நாற்றத்தையும் தனித்தனியாகவே நிறுத்துகிறது. அந்த ஆறில் மாம்பழம் எங்கே இருக்கிறது? வெனிலா எங்கே? மூக்கைப் பிடித்துக்கொண்டு வெனிலா ஐஸ்கிரீமை உண்டு பாருங்கள். இனிப்பும் குளிர்ச்சியும் மட்டுமே மிஞ்சும். 'வெனிலா சுவை' என்ற ஒன்று உலகத்தில் இல்லை. வாயிலிருந்து எழும் ஆவி தொண்டையின் பின்வழியே மூக்குக்கு ஏறும்போது உணரும் மணத்தைத்தான் நாம் நாக்கின் கணக்கில் எழுதுகிறோம்.

பீருக்கு வருவோம். பெல்ஜியத்தின் அவுடனார்டே ஊரில் உள்ள லீஃப்மான்ஸ் ஆலை, புளிப்பேறிய பழுப்பு ஏலில் செர்ரிப் பழங்களை ஊறவைத்து 'க்ரீக்' செய்கிறது. க்ரீக் என்பது அந்தப் பகுதி மொழியில் புளிப்புச் செர்ரியின் பெயர். இப்படிப் பழத்தை ஏலில் போட்டால், பழத்தின் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடும். இனிப்பு போய்விடும், புளிப்பும் தோலின் துவர்ப்பும் நிற்கும், கொட்டையிலிருந்து வரும் பாதாம் போன்ற மணமும் நிற்கும். பழத்தை அடையாளம் காட்டுவது இனிப்பு அல்ல, மணம். 'பழச்சுவை' என்று படித்துவிட்டுக் கோப்பையை எடுப்பவர் பழரசத்தின் இனிப்பை எதிர்பார்ப்பார்; அது இல்லாததால் நல்ல பீரைக் குறை சொல்லி வைத்துவிடுவார்.

அடிப்படைப் பானமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஆங்கிலேயரின் பழுப்பு ஏலில் வறுத்த கொட்டை, கேரமல், சில சமயம் சாக்லேட் ஆகியவை தெரியும். உள்ளே கொட்டையும் இல்லை, சாக்லேட்டும் இல்லை. எல்லாம் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, வறுத்ததால் வந்தவை. (ஏலைச் 'சாராயம்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். சாராயம் காய்ச்சி வடிப்பது, ஏல் நொதிக்க வைப்பது. ஏல் என்றே எழுதுவோம்.)

பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தரும் பிஜேசிபி என்ற அமெரிக்க அமைப்பு 1985இல் தொடங்கியது. அதன் மதிப்பெண் தாளில் மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ஃபிளேவருக்கு 20, வாய் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. அந்த இருபதைச் 'சுவை' என்று பெயர்த்துவிட்டால், தமிழ் வாசகர் இனிப்பும் கசப்பும் எழுதி முடித்துவிடுவார். செர்ரியும் கேரமலும் எழுத இடமே இல்லாமல் போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்கு அறுசுவையில் ஒன்றான துவர்ப்பு, அந்தத் தாளில் வாய் உணர்வின் கீழ் வருகிறது. இரண்டு மொழிகளும் வாயை வேறு வேறு விதமாகப் பங்கிட்டிருக்கின்றன. அதைக் கவனிக்காமல் அகராதியின் முதல் சொல்லை எடுத்து வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது.

'நறுஞ்சுவை' என்ற சொல்லைப் பரிந்துரைப்பவர்களோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. காதுக்கு இனிய சொல், தூய தமிழ்ச்சொல், மறுக்கவில்லை. ஆனால் 'நறு' என்ற அடை தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நடுவரின் வேலையில் பாதி, கெட்டதைக் கண்டுபிடிப்பது. நொதித்தல் சரியாக முடியாத பீரில் வெண்ணெய் தெரியும். சில பீரில் வேகவைத்த சோளம் தெரியும். காற்றுப்பட்டுப் பழையதானதில் நனைந்த அட்டை தெரியும். இவையும் ஃபிளேவர்தான். 'நனைந்த அட்டையின் நறுஞ்சுவை' என்று எழுத யாருக்குக் கை வரும்? 'நறுமணம்' என்பதும் இதே காரணத்தால் விழுகிறது. நாற்றம் என்ற பழைய நடுநிலைச் சொல் நம் கையில் இருந்தது. அதை நாமே சாக்கடையில் தள்ளிவிட்டோம். இனி அதைப் பானத்தோடு சேர்க்க முடியாது.

ஆகவே என் தேர்வு சுவைமணம். நாக்கும் மூக்கும் இரண்டும் அதில் உண்டு. நல்லது, கெட்டது என்று முடிவு கட்டாத சொல். 'அட்டைச் சுவைமணம்' என்று தயங்காமல் எழுதலாம். மணம் என்றாலே நல்லது என்ற சாயல் கொஞ்சம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 'மண்ணெண்ணெய் மணம்' என்று சொல்லும்போது யாரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

'ஊட்டப்பட்ட' என்ற வாலையும் வெட்ட வேண்டும். பழம் போட்டிருந்தால் 'செர்ரி சேர்த்த பழுப்பு ஏல்'. எசன்ஸ் ஊற்றியிருந்தால் 'செர்ரி மணமூட்டிய பழுப்பு ஏல்'. எதுவுமே சேர்க்காமல், சற்று வெப்பமாக நொதித்ததால் ஈஸ்ட்டே பழ வாசனையை உண்டாக்கியிருந்தால் 'பழமணமுள்ள பழுப்பு ஏல்'. மூன்றும் வேறு வேறு பானங்கள், விலையும் வேறு. புட்டிக்குள் இருப்பது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் கடமை.