மூக்கு வழி ஆப்பரேஷனுக்கு முன்னால் எதற்கு இத்தனை டெஸ்ட்?

"ஏனுங்க டாக்டர், கட்டி இருக்குதுன்னு ஸ்கேன்லயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்குங்க இத்தன டெஸ்ட்டு?" வெள்ளகோவில் பக்கம் தறி ஓட்டுபவர் கேட்டார். நியாயந்தான். தறி நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

கல்யாண மோதிரத்தை ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்திருக்கிறார். செருப்பு ஏழாம் நம்பரிலிருந்து ஒன்பதுக்குப் போய்விட்டது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்தேன். தாடை, மூக்கு, உதடு எல்லாமே வேறு. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து, வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் அக்ரோமெகலி. புற்றுநோய் அல்ல. மூக்கு வழியாகப் போய் அந்தக் கட்டியை எடுப்பதுதான் ஆப்பரேஷன்.

ஸ்கேன் கட்டியைக் காட்டும். அது எதைச் சுரக்கிறது என்று சொல்லாது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், கத்தியே வேண்டாம். அதனால் அந்த ரத்தப் பரிசோதனையை நான் விடுவதே இல்லை. வளர்ச்சி ஹார்மோன் மணிக்கு மணி ஏறி இறங்கும் என்பதால், அதன் தூண்டுதலால் உண்டாகி ரத்தத்தில் ஓரளவு சீராக இருக்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளைப் பார்க்கிறோம். சந்தேகம் இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து 2 மணி நேரம் ரத்தம் எடுப்போம். மற்றவர்களுக்கு அந்த ஹார்மோன் நன்றாக இறங்கிவிடும், இவர்களுக்கு இறங்காது.

கட்டி அழுத்தினால், பிட்யூட்டரி ஆட்டுவிக்கும் மற்ற ஹார்மோன்களும் குறையலாம். அதில் ஒன்றான, உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் கார்டிசாலுக்குக் காலை 8 மணி வாக்கில் ரத்தம் எடுக்க வேண்டும். பதினோரு மணி பஸ்ஸில் வந்தால் கணக்கு தப்பும். அவர் முதல் நாளே வந்து சிங்காநல்லூரில் மச்சான் வீட்டில் தங்கிக்கொண்டார். கார்டிசால், தைராய்டு இரண்டும் குறைந்திருந்தால் முதலில் கார்டிசாலைத்தான் சரிசெய்ய வேண்டும். முந்திக்கொண்டு தைராய்டு மாத்திரையைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கட்டி மேலே வளர்ந்தால் கண் நரம்பை அழுத்தும். பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாது. அதற்குத்தான் பார்வைப் புலச் சோதனை. சர்க்கரை, பிரஷர், இதயத்துக்கு எக்கோ எல்லாம் உண்டு.

மயக்க டாக்டரின் கவலை வேறு. "நாக்க நீட்டுங்க" என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாக்கு பெருத்து, தாடை நீண்டிருந்தால் மூச்சுக்குழாயில் டியூப் போடுவது சிரமம். "ராத்திரி இவரு குறட்டை அடுத்த வீடு வரைக்கும் கேக்குமுங்க" என்று வீட்டுக்காரம்மா சொன்னதும் தூக்கப் பரிசோதனைக்கு எழுதினார். ஆப்பரேஷன் முடிந்து மூக்கை அடைத்துவிட்டால் மூச்சுக்கு வாய் மட்டுந்தானே!

கடைசியாக அவர் கேட்டது: "மோதிரத்த ஒட்டவெச்சுப் போட்டுக்கலாமுங்களா?"

"சதை வீக்கம் வடியுமுங்க, எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான். ஆப்பரேஷன் முடிஞ்சு மூணு மாசத்துல ஐ.ஜி.எஃப்-1 பார்த்துட்டு ஆசாரிகிட்டப் போங்க" என்றேன்.