ஓரிடவாழ்வி

கொரோனா அலை ஓய்ந்துகொண்டிருந்த நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு சொல் அடிக்கடி அடிபட்டது: எண்டெமிக். ‘பாண்டெமிக் போய் எண்டெமிக் ஆகிவிடும்’ என்றார்கள். காட்டுயிர் ஆய்வாளர்கள் ஒரு தவளையைப் பற்றியோ செடியைப் பற்றியோ பேசும்போது சொல்வதும் இதே சொல்தான். நோய்க்கும் தவளைக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘என்’ என்றால் உள்ளே. ‘டெமோஸ்’ என்றால் மக்கள், அவர்கள் குடியிருக்கும் பகுதி. தன் ஊருக்குள்ளேயே இருப்பது என்று பொருள். முதலில் இதை எடுத்துக்கொண்டவர்கள் மருத்துவர்கள். ஒரு பகுதியில் வந்து ஒட்டிக்கொண்டு, விட்டுப்போகாமல் இருக்கும் நோயை அப்படி அழைத்தார்கள். 1820இல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் டி கண்டோல் அதைச் செடிகொடிகளுக்குக் கொண்டுவந்தார். ஆனால் பொருள் இறுகிவிட்டது. மலேரியா பல நாடுகளில் எண்டெமிக்காக இருக்கலாம். ஒரு செடி எண்டெமிக் என்றால் அது அந்த நிலத்தில் மட்டும்தான் உண்டு, உலகில் வேறெங்கும் கிடையாது.

தமிழில் இதற்கு ‘அகணிய உயிரி’ என்றும் ‘ஓரிடவாழ்வி’ என்றும் எழுதுகிறார்கள். என் கை இரண்டாவதையே எழுதும். மரங்கொத்தியில் ‘கொத்தி’, ஒட்டுண்ணியில் ‘உண்ணி’, அதுபோலத்தான் ‘வாழ்வி’. வாழ் என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்து, வாழ்வது என்று நிற்கிறது. நீர்நிலவாழ்வி என்று பள்ளியில் படித்தவருக்கு அகராதியே வேண்டாம். சொல்லைக் கேட்டதும் பொருள் விளங்குகிறது.

இதை ‘மண்ணின் உயிர்’ என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. யானை நம் மண்ணின் உயிர்தான். ஆனால் இலங்கையிலும் தாய்லாந்திலும் கூட ஆசிய யானை உண்டு. வரையாடு அப்படியில்லை. தமிழ்நாடு, கேரள மலைகளை விட்டால் உலகில் வேறெந்தக் காட்டிலும் அதைப் பார்க்க முடியாது. ‘அரிய உயிரினம்’ என்பதும் வேறு. ஓரிடவாழ்வி தன் இடத்தில் ஏராளமாகவே இருக்கலாம். சங்கத் திணைகளின் கருப்பொருளோடு இதை ஒப்பிடத் தோன்றும். உயிரை நிலத்தோடு சேர்த்துப் பார்க்கும் பார்வை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் கருப்பொருளில் ‘இங்கே மட்டும்’ என்ற கட்டு இல்லை. குறிஞ்சிக்குரிய புலி உலகின் பல காடுகளில் உலவுகிறது.

சரி, ஓர் ஓரிடவாழ்வியைக் கிட்டத்தில் பார்ப்போம். 2003இல் ஆய்வாளர்கள் பிஜுவும் பாஸ்யூட்டும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து ஒரு தவளையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஊதிய உடம்பு, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், பொட்டுப்போல் கண்கள், வெளுத்துக் கூம்பிய மூக்கு. அந்த மூக்கால்தான் அதற்கு நாசிகாபட்ராகஸ் என்று பெயர். நாசிகா வடமொழி மூக்கு, பட்ராகஸ் கிரேக்கத் தவளை. ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கரையான் தின்று கிடக்கும். மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் இணைசேர மேலே வரும். அதன் தலைப்பிரட்டை, வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு பாயும் ஓடையில் ஒட்டியிருக்கும். இதற்கு நெருங்கிய உறவுத் தவளைகள் இருப்பது கடலுக்கு அப்பால், செஷல்ஸ் தீவுகளில். ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலங்கள் பிரிந்ததற்குச் சாட்சியாக ஒரு தவளை!

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயத்திலிருந்து, இதே பேரினத்தைச் சேர்ந்த இரண்டாவது சிற்றினம் 2017இல் விவரிக்கப்பட்டது. ஊர்வன, நீர்நிலவாழ்விகளை ஆராய்ந்து 2014இல் மறைந்த பூபதியின் நினைவாக அதற்கு ‘பூபதி’ என்றே பெயர்.

‘புதிய இனம் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வரும்போது, புதியது நம் அறிவுதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தவளை எத்தனையோ காலமாக அங்கேதான் இருந்தது. ஓடையோரம் குடியிருந்தவர்களுக்கு அதன் தலைப்பிரட்டையும் தெரிந்ததுதான். பெயர் கிடைத்த பிறகுதான் சட்டத்துக்கும் ஆவணத்துக்கும் அது தெரிகிறது. பெயர் வைப்பதற்கு முன்பே ஓடையில் தடுப்பணை எழும்பிவிட்டால், அங்கே என்ன இருந்தது என்று கேட்க ஆளிருக்காது.

இந்தச் சொல்லை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எந்த இடத்தின் ஓரிடவாழ்வி என்று சேர்த்தே எழுத வேண்டும். ‘மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரிடவாழ்வி’, ‘செஷல்ஸின் ஓரிடவாழ்வி’ என்று. ‘இடம்’ ஒரு நாடாகவும் இருக்கலாம், ஒரே ஒரு மலைச்சரிவாகவும் இருக்கலாம். அது சுருங்கச் சுருங்க ஆபத்து கூடும். வேறெங்கோ மிச்சமிருக்கும் என்ற ஆறுதலை இந்தச் சொல் தருவதில்லை. அதனால் தவளையைக் காப்பாற்றுவது என்றால் அந்த ஓடையை, அதன் பாறையை, கரை மண்ணைக் காப்பாற்றுவதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. புலிக்காகப் போட்ட வேலிக்குள் பூபதியின் தவளைக்கும் கொஞ்சம் ஈர மண் கிடைத்திருக்கிறது.